அந்தப் பிள்ளை பெரியவளாகும்வரை

கொழும்பிலிருந்து வந்த சட்டத்தரணிமாருக்கே மரண தண்டனையைப் பற்றி யோசனை சொன்னவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கல்முனையில் ஓர் அரிசி ஆலையில் மூடை சுமக்கப் போனவன், பிறகு அதே தெருவில் அதைவிடப் பெரிய ஆலையைப் போட்டேன். இரண்டு உழவு இயந்திரம், சம்மாந்துறைப் பக்கம் வயல், பள்ளிவாசல் நிர்வாகத்தில் எங்கள் குடிக்கு மரைக்கார் பதவி, ஹஜ். எதையும் எவரும் எனக்குத் தூக்கித் தரவில்லை. காணிச் சண்டையா, தலாக்கா, சீதன வீட்டுக்கு அடிபாடா, என்னைக் கூப்பிட்டால் அன்றைக்கே முடிந்துவிடும். "ஹாஜியார் போனா இல்லையெண்டு வராது" என்று ஊரில் ஒரு பேச்சே இருந்தது. பேச்சில் பொய்யும் இல்லை.

தூக்கை நிறுத்தி வைப்பதா, சட்டத்தைத் திருத்துவதா என்று இப்போதும் வானொலியில் கதைக்கிறார்கள். கதைக்கிறவர்கள் எவரும் என் தங்கச்சியைப் பார்த்ததில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு சிறுபோக வெள்ளாமைக் காலம். வாய்க்காலில் தண்ணீர் குறைந்து, முறை வைத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். என் தங்கச்சியின் கணவர், என் மச்சான், அன்றைய முறைக்காரர். அடுத்த வயல்காரன் வரம்பை வெட்டித் தன் பக்கம் தண்ணீரைத் திருப்பினான். அவனும் எங்கள் ஊர்தான். கல்யாணம் முடித்து அதிக காலமாகவில்லை. வாய்ச்சண்டை முற்றியது. மச்சானின் கையில் மண்வெட்டி இருந்தது. ஒரே வெட்டு.

நான் உழவு இயந்திரத்தில் போய்ச் சேர்ந்தபோது மச்சான் ஓடாமல் செத்தவனின் மையித்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். வெட்டிய வரம்பால் தண்ணீர் இன்னும் அடுத்த வயலுக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதை அடைக்கவில்லை.

"மச்சான், பொலிசுக்குச் சொல்லிட்டீங்களா?" என்று அவரே என்னிடம் கேட்டார்.

கோபத்தில் நடந்தது என்று சொல்லித் தப்ப வைக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் முதல் நாள் தேத்தண்ணிக் கடையில், "இனி வரம்புல கை வச்சா வெட்டுவன்" என்று அவர் சொன்னதைக் கடை முழுக்கக் கேட்டிருந்தது. சாட்சி சொன்னவர்களில் என் ஆலையில் வேலை செய்தவனும் ஒருவன். அவனை நான் வேலையால் நிறுத்தவில்லை. உண்மை சொன்னவனைத் துரத்துகிற ஆள் நானில்லை.

வழக்குக்கு முன்பே நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். எங்கள் மார்க்கத்தில், கொலையுண்டவனின் வாரிசுகளுக்கு ஒரு ஹக்கு உண்டு, உரிமை. உயிருக்கு உயிர் என்று பழியும் கேட்கலாம், மன்னித்து மாப்பும் கொடுக்கலாம். செத்தவனுக்குத் தாய் தகப்பன் இல்லை. மனைவி மட்டும்தான், அவளும் பிள்ளைத்தாய்ச்சி. புருஷன் செத்து இத்தாத் துக்கம் காக்கிற பெண்ணை அந்நிய ஆண் பார்க்கக் கூடாது. என் மனைவியை அனுப்பினேன்.

போனவள் அழுதுகொண்டு திரும்பி வந்தாள்.

"என்ன சொன்னா?"

"பொருந்திட்டாவாம். 'மாப்புக் குடுத்திட்டன் ராத்தா, அவரும் அவர்ட தண்ணிய நெனச்சுத்தான் வெட்டினாரு, எங்கட மனிசனும் சும்மா இரிக்கல்ல' எண்டா."

"அப்ப ஏன் அழுறாய்? நல்ல சேதிதானே!"

"மறுகா வயித்தத் தொட்டுக் காட்டினா. 'இது என்ட பங்கு மட்டுந்தான். இதுக்குள்ள இரிக்கிறவங்கட பங்க நான் எப்பிடிக் குடுக்கிற?' எண்டு கேட்டா."

நான் மௌலவியிடம் போனேன். எங்கள் பள்ளிவாசல் மௌலவி என்னைவிட வயதில் இளையவர், மெதுவாகக் கதைப்பவர். அவர் கிதாபை விரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பொண்ணு சொன்னது சரி ஹாஜியார். வாரிசுல சின்னப்புள்ள இருந்தா, அது வயசுக்கு வாற வரைக்கும் ஒருத்தரும் முடிவெடுக்க ஏலா. தாய்க்கும் ஏலா, நமக்கும் ஏலா. புள்ள வளர்ந்து தானே சொல்லணும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் கொலை செஞ்சவன் காவல்ல கிடக்கணும். அவ்வளவுதான்."

எனக்கு அது பெரிய ஆறுதலாகப் பட்டது. பிள்ளை வளரும்வரை கயிறு இறங்காதல்லவா? மாப்பின் ஒரு பாதி ஏற்கெனவே கையில் இருக்கிறது. மறுபாதி பிறந்து வளர வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

பெண் பிள்ளை பிறந்தது.

எங்கள் சட்டத்தரணியிடம் போய் இதையெல்லாம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "கொலை அரசாங்கத்துக்கு எதிரான குற்றம் ஹாஜியார். செத்தவர் வீட்டாருக்கு இதில் ஒரு பேச்சும் இல்லை." புருஷனைப் பறிகொடுத்தவள் ஒருத்தி, தகப்பனைப் பார்க்காமல் பிறந்தது ஒன்று, அரசாங்கத்துக்கு இதில் என்ன போனது என்று கேட்டேன். ஆனாலும் சட்டம் அவர் பக்கம்தான் நின்றது.

தீர்ப்பு நாளில் மட்டக்களப்பு நீதிமன்றத்தில் மின்விசிறிகளை நிறுத்தினார்கள், விளக்குகளை அணைத்தார்கள், எல்லோரையும் எழும்பச் சொன்னார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற தங்கச்சி, "ஏன் காக்கா கரண்டு போயிட்டு?" என்று கேட்டாள். அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்குமோ என்னவோ. பிள்ளை இல்லை. தூக்குத் தீர்ப்பு என்றால்தான் அப்படி அணைப்பார்கள் என்று சொல்லாமல் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். உயிர் பிரியும்வரை தூக்கிலிட வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். மச்சான் தலையை ஆட்டினார், விலை பேசி முடிந்ததுபோல.

மேன்முறையீடு தோற்றது. ஆனால் அதற்குள் ஆட்சி மாறியிருந்தது. புதியவர்கள் தூக்குக்குக் கையொப்பம் வைப்பதில்லை என்று பேச்சு வந்தது. சட்டம் அப்படியே இருக்கிறது, தீர்ப்பும் அப்படியே இருக்கிறது, தூக்குமேடையும் இருக்கிறது. ஒருவரும் தொங்கவில்லை. எப்போது மறுபடி தொடங்குவார்கள் என்றும் எவருக்கும் தெரியாது. சில மாதத்துக்கு ஒருமுறை யாராவது ஒரு பெரிய மனிதர், "கொலை கூடிவிட்டது, கயிற்றை இறக்குங்கள்" என்று கூட்டத்தில் கத்துவார். அது பத்திரிகையில் வரும். பத்திரிகை எங்கள் தெருவுக்கு வந்தால் தங்கச்சி அன்று அடுப்பு மூட்ட மாட்டாள்.

வருஷத்தில் இரண்டு மூன்று தரம் அவளைக் கூட்டிக்கொண்டு மட்டக்களப்பில் ரயிலேறிக் கொழும்புச் சிறைக்குப் போவேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மச்சான், இந்தப் பக்கம் நாங்கள். தங்கச்சியிடம் சுகம் கேட்பார். பிறகு என் பக்கம் திரும்புவார்.

"புள்ள எப்பிடி?"

செத்தவனின் மகளைத்தான் கேட்கிறார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு ஒவ்வொரு முறையும் அதற்கு ஆயத்தமாகவே போனேன். பல் முளைத்துவிட்டது. நடக்கிறாள். சின்னம்மை போட்டு எழும்பிவிட்டாள். ஓதப் போகிறாள். பள்ளிக்கூடம் சேர்த்தாயிற்று. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். விதைத்துவிட்டுத் தூரதேசம் போனவன் பயிரைப் பற்றிக் கேட்பதுபோல இருக்கும்.

"அவ வளரட்டும் மச்சான்," என்பேன். "வளர்ந்தா நான் கேட்டு வாங்கித் தாறன். நான் கேட்டு இல்லையெண்டு வந்திருக்கா?"

"இல்லத்தான்," என்பார்.

ஒருநாள் தங்கச்சி குறுக்கே கேட்டாள்: "அந்தப் புள்ளையப் பத்தியே கதைக்கிறீங்களே, என்னப் பத்தி ஒண்டும் கேக்க இல்லையா?"

மச்சான் வெட்கப்பட்டுப் போனார். "நீ இரிக்கிறாய் தானேகா," என்றார்.

எண்பதுகளின் தொடக்கத்தில்தான் அந்தக் கூட்டம் நடந்தது. மரண தண்டனையை ஒரேயடியாக எடுப்பதா, நிறுத்தி வைத்துத் திருத்துவதா என்று ஊர் ஊராகக் கருத்துக் கேட்டுச் சில சட்டத்தரணிகள் கல்முனைக்கும் வந்தார்கள். மண்டபத்தில் ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், எங்கள் ஊர் ஓய்வுபெற்ற அதிபர். படித்தவர்கள் முன்வரிசை. நான் போய் அந்த வரிசையிலேயே இருந்தேன். ஓரமாக இருக்க எனக்குத் தெரியாது.

ஆளாளுக்குக் கதைத்தார்கள். ஒருவர் வெளிநாடுகளைச் சொன்னார். இன்னொருவர் பயம் வேண்டும் என்றார். நான் எழும்பினேன்.

அதிபர் பக்கத்திலிருந்தவரிடம் எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னார்: "இனி நெல்லு விலை வரப்போகுது."

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டுச் சொன்னேன்: "சேர், நீங்க திண்ட சோறு என்ட ஆலையில குத்தினதுதான். அது செமிக்கிற வரைக்கும் கொஞ்சம் பொறுங்க."

பிறகு என் யோசனையைச் சொன்னேன். தூக்கை நிறுத்தி வையுங்கள். ஒரு தலைவர் கையொப்பம் வைக்காமல் விட்டால் நிற்கும், இன்னொருவர் வைத்தால் நடக்கும் என்ற கதை வேண்டாம்; சட்டமாக நிறுத்துங்கள். நிறுத்திவிட்டு, செத்தவன் வீட்டாரைக் கேளுங்கள். இருக்கிற வாரிசு எல்லோரையும் கேளுங்கள். சின்னப்பிள்ளை இருந்தால் வளரும்வரை காத்திருந்து கேளுங்கள். எல்லோரும் மாப்புக் கொடுத்தால் ஆளை வீட்டுக்கு விடுங்கள். இது எங்கள் ஆட்களுக்கு மட்டுமல்ல. காரைதீவில் வெள்ளாமை செய்கிற தமிழனுக்கும் மனம் என்று ஒன்று இருக்கிறது, அவனையும் கேளுங்கள்.

கை தட்டினார்கள். அதிபரும் தட்டினார். வந்தவர்களில் கண்ணாடி போட்ட ஒருவர், நல்ல மனிதர், குறிப்பு எழுதிக்கொண்டே கேட்டார்: "எல்லோரும் மன்னித்து, ஒருவர் மட்டும் மாட்டேன் என்றால்? அதுவும் நீங்கள் சொல்கிற அந்த வளர்ந்த பிள்ளை?"

"மாட்டேன் என்று ஏன் சொல்லப் போகிறது?"

"சொன்னால், ஹாஜியார்?"

"நல்ல முறையில் போய்க் கேட்டால் சொல்லாது. கேட்கிற ஆளைப் பொறுத்தது அது."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். அந்த யோசனை கொழும்பில் எந்த மேசைக்குப் போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பதில் ஒன்றும் வரவில்லை. அவர்கள் சொன்ன எந்தத் திருத்தமும் நடக்கவில்லை. நிறுத்தியது நின்றபடி கிடந்தது, அவ்வளவுதான்.

பிறகு வந்த யுத்த வருஷங்களை எழுத மனம் வரவில்லை. கயிற்றுக்குக் கையொப்பம் வைக்கக் கை கூசிய நாட்டில், காலையில் கதவைத் திறந்தால் சந்தியில் மனிதர் எரிந்து கிடந்தார்கள். நீதிமன்றம் இல்லை, விளக்கணைப்பு இல்லை, வாரிசைக் கேட்பாரில்லை. கல்முனையிலிருந்து பெரியநீலாவணை தாண்டுவதற்குள் எத்தனை இடத்தில் இறங்கி நின்று முகம் காட்ட வேண்டும். தமிழர் எங்களுக்குப் பயந்தார்கள், நாங்கள் தமிழருக்குப் பயந்தோம், இரண்டு பேரும் சீருடைக்குப் பயந்தோம். ரயில் ஓடினால் ஓடும். சிறைக்குப் போவது வருஷத்துக்கு ஒன்றானது. ஒரு முறை தங்கச்சி சொன்னாள்: "ஊருக்குள்ள இரிக்கிறவங்களவிட அவருக்குத்தான் காக்கா பாதுகாப்பு." அதைச் சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

மச்சானின் தண்டனையை ஆயுள் தண்டனையாக மாற்றிவிட்டதாக இடையில் சிறையில் சொன்னார்கள். நான் துள்ளினேன். அவர் துள்ளவில்லை.

"அவங்கட கணக்கு வேற மச்சான்," என்றார். "அவங்க மாத்துவாங்க, திருப்பியும் மாத்துவாங்க. புள்ள எப்பிடி?"

எண்பதுகள் முடிகிற நேரத்தில் அந்தப் பிள்ளை பெரியவளானாள். எங்கள் ஊரில் அது மறைகிற சேதி இல்லை. தலைக்குத் தண்ணீர் வார்த்து, சொந்தக்காரர் பலகாரம் கொண்டுபோய், வீடு நிறையப் பெண்கள் கூடுவார்கள். அந்த ஆரவாரம் அடங்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, மௌலவியையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் அசர் தொழுகைக்குப் பிறகு போனேன். தங்கச்சி தொதல் இனிப்புக் கிண்டிச் சட்டியோடு எடுத்து வந்திருந்தாள். விடிய எழும்பிக் கிண்டியவள், கை முழுக்கச் சூட்டுக் காயம்.

பிள்ளையின் தாய் எங்களை மரியாதையாக இருத்தினாள். வாசலுக்கும் உள்ளறைக்கும் நடுவில் சேலைத்திரை. அதற்குப் பின்னால் பிள்ளை இருந்தாள்.

மௌலவி சலாம் சொல்லி விஷயத்தைச் சொன்னார். உன் வாப்பாவின் விஷயத்தில் உனக்கு ஹக்கு இருக்கிறது மகள், பழி கேட்டாலும் பாவமில்லை, மாப்புக் கொடுத்தால் அல்லாஹ்விடம் பெரிய கூலி உண்டு, யாரும் உன்னை வற்புறுத்த முடியாது என்றார். கடைசியாகச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

திரை ஒருதரம் அசைந்தது.

"ஓமெண்டு ஒரு சொல்லுத்தான் மகள்," என்றேன் நான்.

"ஹாஜியார்தானா கதைக்கிற?"

"ஓம் மகள்."

"எனக்குப் பல்லு விழுந்தாலும் ஒங்கட ஊட்டால கேட்டு ஆள் வாறயாமே?"

நான் சிரித்துச் சமாளித்தேன். "அது பாசத்துல கேக்கிற."

"மதரசாவுல என்னைய என்னெண்டு கூப்பிடுற எண்டு தெரியுமா?" அவளே சொன்னாள்: "தூக்குக்கயிறு. 'தூக்குக்கயிறு வாறா, இடம் விடுங்க' எண்டு சொல்ற. நான் பெரிசாகக் கூடாதெண்டு எத்தின நாள் துஆக் கேட்டிரிக்கன். பெரிசாகினா வருவீங்க எண்டு தெரியும்."

"மகள்..." என்றாள் தாய்.

"நீங்க சும்மா இரிங்க உம்மா. நீங்க ஒங்கட பங்கக் குடுத்திட்டீங்க. நீங்க வாப்பாவோட இருந்தீங்க, கதைச்சீங்க. எனக்கு அவர் மையித்தாத்தான் தெரியும். எனக்கெண்டு இரிக்கிற ஒண்டு இதுதான். இதையும் தரச் சொல்றீங்க."

தங்கச்சி எழும்பிப் போய்த் திரைக்கு முன்னால் தரையில் இருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. சட்டியை மெல்லத் திரைக்கு அடியால் உள்ளே தள்ளினாள். கொஞ்ச நேரத்தில் அது அதே மாதிரி வெளியே வந்தது.

"எனக்கு ஒங்களோட கோவம் இல்ல மாமி," என்றாள் அந்தப் பிள்ளை. "ஆனா மாப்பு இல்ல."

அவ்வளவுதான். நான் என்னென்னவோ சொன்னேன். பதிமூன்று வயதுப் பிள்ளையிடம் என் வாழ்க்கையில் கதைத்த கதையெல்லாம் கதைத்தேன். மௌலவி என் தோளில் கை வைத்து, "போதும் ஹாஜியார், கேட்டாச்சு, சொல்லியாச்சு," என்றார்.

மச்சானிடம் பொய் சொல்லலாம் என்று ரயிலில் நினைத்தேன். பொய்க்கு இடம் கொடுக்கவில்லை அவர். கம்பி வலைக்குப் பின்னால் வந்து நின்றதும் தங்கச்சியின் முகத்தைத்தான் பார்த்தார்.

"கேட்டாச்சா?"

"கேட்டாச்சு," என்றாள் தங்கச்சி.

"மறுத்திட்டா," என்றார் அவர்.

"ஓம்."

அவர் மறுபடியும் தலையை ஆட்டினார். பிறகு பக்கத்தில் நின்ற சிறை அதிகாரியிடம் சிங்களத்தில் கதைத்தார். அத்தனை வருஷத்தில் நன்றாகப் பழகியிருந்தார். எனக்கும் வியாபாரச் சிங்களம் தெரியும், விளங்கியது. அந்தப் பிள்ளை தீர்ப்புச் சொல்லிவிட்டாள், அது அவளுடைய உரிமை, இனித் தாமதிக்க வேண்டாம், தூக்கைப் போடுங்கள் என்றார்.

அதிகாரி சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "உனக்குப் பைத்தியமா? தூக்கு நின்று எத்தனை வருஷம்? உன் பேரில் இப்போது தூக்கே இல்லை."

"என் பேரில் இருக்கிறது," என்றார் மச்சான்.

"மேடையிலும் பலகை உக்கிப் போயிற்று," என்றார் அதிகாரி. "போய்ப் படு."

நான் வலையைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டேன். அரசாங்கம் உயிரைத் தந்திருக்கிறது, நல்ல நடத்தை என்று ஒருநாள் விடுவார்கள், ஊருக்கு வாருங்கள், ஆலையில் ஒரு கதிரையைப் போட்டு இருத்துகிறேன் என்றேன்.

"எந்த ஊருக்கு மச்சான்?" என்றார். "அவ இரிக்கிற தெருவால நான் எப்பிடிப் பள்ளிக்குப் போற?"

அடுத்த முறை போனபோது காவலாளி உள்ளே போய்விட்டுத் தனியாகத் திரும்பி வந்தான். வர மாட்டாராம். அதற்கடுத்த முறையும் அதுதான். நான் பெரிய அதிகாரியைப் பிடித்தேன், ஆளைக்கொண்டு சொல்வித்தேன். உயிரோடு இருக்கிறார், சாப்பிடுகிறார், தொழுகிறார், எவரையும் பார்க்க மாட்டார் என்றார்கள். வருகிறவனைத் தடுக்கத்தான் சட்டம் இருக்கிறது, வராதவனை இழுத்து வர இல்லையாம்.

என் யோசனை பிழை என்று இப்போதும் எவனாவது சொல்லட்டும், நான் பதில் சொல்வேன். கேட்காமல் தொங்கவிடுவதைவிடக் கேட்பது மேல். கேட்ட பிறகு என்ன என்றால், அதை என்னால் சொல்ல ஏலாது.

இரண்டாம் முறையும் அவரைப் பார்க்காமல் கொழும்பிலிருந்து திரும்பிய கிழமையில் என் மனைவி ஆலைக்கே ஓடி வந்தாள். தங்கச்சி வெள்ளை உடுத்து, தோட்டையும் வளையலையும் கழற்றி வைத்துவிட்டு, உள்ளறையில் இருக்கிறாளாம். இத்தா இருக்கிறாளாம். மௌலவியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வாசலில் நின்று பொறுமையாகச் சொன்னார்: "ராத்தா, புருஷன் ஹயாத்தா உசிரோட இரிக்கக்குள்ள இத்தா இல்ல. வேணுமெண்டா காதியாரிட்டப் போய்க் கல்யாணத்தால விடுதலை கேட்கலாம்."

"விடுதலை என்னத்துக்கு?" என்று உள்ளேயிருந்து கேட்டாள். "அவர் மௌத்து."

மௌலவி என்னைப் பார்த்தார். நான் உடன்பிறந்தவன், இத்தாவிலும் என்னைப் பார்க்கலாம். திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். சுவரில் சாய்ந்து இருந்தாள். அழவில்லை. தொதல் கிண்டிய சூட்டுக் காயம் கையில் தழும்பாகியிருந்தது.

"எழும்பு," என்றேன். "ஊர் என்ன சொல்லும்?"

"காக்கா," என்றாள், "நீங்கதானே பள்ளிக்கு மரைக்கார். ஒங்கட சொல்லுக்கு மறுசொல்லு இல்லத்தானே. வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் பின்னால அவருக்கு ஒரு ஜனாஸாத் தொழுகை வைக்கச் சொல்லுங்க. தூரத்துல மௌத்தானவங்களுக்கு வைக்கிறதானே."

மௌலவி வெளியே தொண்டையைச் செருமினார். நான் அவளுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.